'போ' என்றால் 'மேலே' என்று யார் சொன்னது?

மேற்கு யூலாந்தின் சிறு நகரமொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 34. குடும்ப இணைவில் டென்மார்க் வந்து ஆறு வருடமாகிறது. முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறார். ப்ரோவெ ஈ டான்ஸ்க் 2 என்ற டேனிஷ் மொழிச் சோதனையில் சித்தியடைந்துவிட்டார். வருட இறுதியில் 3ஐ எழுத நினைக்கிறார். ஆனால் வகுப்பில் எழுதிக் கொடுக்கும் கட்டுரையெல்லாம் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வருகிறது. பெரும்பாலான கோடுகள் ஈ, போ, டில், ஒம் போன்ற சின்ன டேனிஷ் சொற்களின் கீழ்தான். அறுபது சொற்களை ஆங்கிலக் கருத்தோடு கொப்பியில் எழுதிப் பாடமாக்கியும் பலனில்லை. "தமிழில் இப்படிச் சொற்களே இல்லை, அதனால்தான் எங்களுக்கு வருவதில்லை" என்பது அவருடைய முடிவு. "அதையெல்லாம் எந்த டேனிஷ்காரரும் பார்ப்பதில்லை" என்கிறார் இருபது வருடமாக அங்கே இருக்கும் கணவர். "நிறையக் கேளுங்கள், தானாக வரும்" என்கிறார் ஆசிரியை.

போன மாதம் வேலைத்தலத்தில் நடந்த ஒன்று அவரைக் கலக்கிவிட்டது. ஒரு மூதாட்டிக்கு வலிமாத்திரை கொடுத்து இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. அதை அடுத்த ஷிஃப்ட் ஆளுக்காக எழுதிவைக்கும்போது "ஹுன் ஃபிக் என் பிலெ ஒம் டோ டீமர்" என்று எழுதிவிட்டார். வந்தவர் தொலைபேசியில் அழைத்து, "கொடுத்தாயிற்றா, இனித்தான் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். சோதனையைத் தள்ளிப்போடலாமா, தனி ஆசிரியரிடம் போகலாமா, இந்தச் சொற்களைப் படிக்க வழிதான் என்ன என்று கேட்கிறார். கடைசியில் ஒரு சின்னக் கேள்வி: ஸ்ரீலங்காவுக்கு முன்னால் ஈ போடுவதா, போ போடுவதா?

அன்புள்ள வாசகிக்கு,

டேனிஷ் சொற்களை ஒலியை ஒட்டித் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டலை உங்கள் பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் இந்தச் சொற்களை முன்னுருபு என்றே சொல்வோம். நம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, இது முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான்.

தமிழில் இது இல்லை என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். நாய்க்குப் பயம், தம்பிமேல் கோபம், கணக்கில் கெட்டிக்காரி. பயத்துக்கு ஏன் 'கு', கோபத்துக்கு ஏன் 'மேல்' என்று யாராவது கேட்டால் உங்களிடம் காரணம் இருக்காது. ஆனால் பிழைவிடவும் மாட்டீர்கள். டேனிஷிலும் இதே கதைதான். கோபம் என்றால் 'வ்ரேத் போ', நம்மைப் போலவே 'மேல்'. பயம் என்றால் 'பங்கெ ஃபோர்'. கெட்டிக்காரி என்றால் 'கோத் டில்'. அவர்கள் சமையலில் கெட்டிக்காரி என்பதில்லை, 'சமையலுக்குக்' கெட்டிக்காரி என்கிறார்கள். உருபு எதுவென்று முடிவு செய்வது பக்கத்துச் சொல்தான். தனியாக நிற்கும் 'போ'வுக்குக் கருத்துத் தேடுவது, தனியாக நிற்கும் 'கு'வுக்குக் கருத்துத் தேடுவதைப் போன்றது.

ஆகவே உங்கள் கொப்பியில் பிழை தமிழால் வரவில்லை. நடுவில் வைத்த ஆங்கிலத்தால் வருகிறது. எப்படி என்பதை அந்த மாத்திரைக் குறிப்பிலேயே பார்க்கலாம்.

இரண்டு மணித்தியாலம், நான்கு விதம்

'டோ டீமர்' என்றால் இரண்டு மணித்தியாலம். அதன் முன்னால் எது நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் அடியோடு மாறும்.

'ஈ டோ டீமர்' – இரண்டு மணித்தியாலமாக. அவர் இரண்டு மணித்தியாலம் தூங்கினார் என்றால் இது.
'போ டோ டீமர்' – இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு வேலையை முடித்தால் இது.
'ஒம் டோ டீமர்' – இன்னும் இரண்டு மணித்தியாலத்தில், இனி வரப்போவது.
'ஃபோர் டோ டீமர் சீதன்' – இரண்டு மணித்தியாலத்துக்கு முன். இது இரண்டு துண்டு. முன்னால் ஃபோர், பின்னால் சீதன். பின்துண்டை விட்டால் வசனம் அந்தரத்தில் நிற்கும்.

நீங்கள் எழுதியது 'இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் அவருக்கு மாத்திரை கிடைத்தது' என்பதைப் போன்றது: வினை இறந்தகாலம், உருபு எதிர்காலம். வாசித்தவர் குழம்பியது நியாயம். தொலைபேசியில் கேட்டதும் சரியான செயல். ஆங்கிலம் இங்கே இரண்டு பொறி வைக்கிறது. 'இன்' என்று நினைத்து ஈ போட்டால், 'இன்னும் இரண்டு மணித்தியாலத்தில்' என்று சொல்ல வந்தது 'இரண்டு மணித்தியாலமாக' என்று மாறிவிடும். 'ஃபார்' என்று நினைத்து ஃபோர் போட்டால், நீடித்த நேரத்தைச் சொல்ல வந்த இடத்தில் 'முன்பு' என்பதன் பாதி வந்து நிற்கும்.

வேலைக் குறிப்புக்கு மட்டும் ஒரு குறுக்குவழி இருக்கிறது, இன்றே தொடங்கலாம். மருந்து, விழுகை, சாப்பாடு எதுவானாலும் 'இத்தனை மணிக்கு முன்' என்று எழுதாமல் மணியையே இலக்கத்தில் எழுதுங்கள்: 'க்லொகன் 14.30'. ஒன்று எத்தனை மணிக்கு நடந்தது என்று சொல்ல க்லொகனுக்கு முன்னால் எந்த உருபும் வேண்டாம், பிழைவிட இடமே இல்லை. வாசிப்பவரும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. வாய்ப்பேச்சில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: 'க்வார்ட் ஈ ஓடெ' என்றால் எட்டேகால் அல்ல, ஏழே முக்கால். மணி சொல்லும்போது ஈ என்பது 'இன்னும் ஆகவில்லை' என்று சொல்கிறது. ஆகிவிட்டதைச் சொல்ல 'ஓவர்' வேண்டும்.

கிழமை நாட்களும் இதே மாதிரித்தான். 'போ மேன்டா' வருகிற திங்கள். 'ஈ மேன்டாஸ்' போன திங்கள். கடைசியில் ஒட்டும் ஸ்ஸை மறக்கக் கூடாது. 'ஒம் மேன்டேயென்' திங்கட்கிழமைகளில், வழக்கமாக. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே 'ஆன்' போதும் என்பதால், 'போ'வைப் பிடித்துக்கொண்டு மூன்றையும் அதாலேயே எழுதுகிறார்கள். காலைக்கும் மாலைக்கும் இதே அச்சுத்தான்: 'ஈ மோரெஸ்' இன்று காலை நடந்தது, 'ஒம் மோர்னென்' காலை நேரங்களில். 'ஈ ஆஃப்தன்' இன்று பின்னேரம், 'ஈ ஆஃப்தெஸ்' நேற்றுப் பின்னேரம். 'ஈ மோர்ன்' மட்டும் காலையே அல்ல, நாளைக்கு! இந்த ஒரு குடும்பத்தை வடிவாகப் படித்தாலே உங்கள் சிவப்புக் கோடுகளில் ஒரு பகுதி போய்விடும்.

வழக்கத்துக்கு ஒம் என்பதால் 'ஒரு நாளைக்கு இரண்டு தரம்' என்பதும் 'டோ கங்கெ ஒம் டேயென்'. உங்கள் 37 மணித்தியால வேலைக் கிழமையும் 'ஒம் ஊயென்'. ஆனால் சம்பளம் மணித்தியாலக் கணக்கு என்றால் 'ஈ டீமென்'. இதற்கு ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

இடம்: உள்ளே, மேலே என்ற கணக்கு எங்கே உடைகிறது

ஈ என்றால் உள்ளே, போ என்றால் மேலே என்பது பொருட்களுக்குச் சரி. அலுமாரிக்கு ஈ, மேசைக்குப் போ. கட்டிடங்களுக்கும் ஊர்களுக்கும் வந்தவுடன் கணக்கு உடைகிறது. ஆஸ்பத்திரி, நூலகம், அலுவலகம், மருந்துக்கடை, புகையிரத நிலையம், பல்கலைக்கழகம், ஹோட்டல், வேலை – இவற்றுக்குப் போ. வங்கி, தேவாலயம், தியேட்டர், கடை, பள்ளிக்கூடம் – இவற்றுக்கு ஈ. ஆஸ்பத்திரியின் கூரையில் யாரும் படுத்திருப்பதில்லை. சேவை தரும் நிறுவனத்துக்குப் போ என்று சில புத்தகங்கள் விதி சொல்கின்றன. வங்கியும் பள்ளிக்கூடமும் உடனே அந்த விதியை உடைத்துவிடும். ஆகவே விதியாகப் படிக்காமல் சோடியாகப் படியுங்கள்: 'போ ஹொஸ்பிதாலெத்', 'ஈ பாங்கன்'.

ஊர்ப் பெயரிலும் இப்படித்தான். நகரத்துக்கும் நாட்டுக்கும் ஈ. டென்மார்க்கின் தீவுகளுக்குப் போ: போ ஃபூன், போ ஷேலன்ட், போ போர்ன்ஹோல்ம். நீங்கள் இருக்கும் யூலாந்து தீவல்ல, குடாநாடு. அதனால் 'ஈ யூலன்ட்'. வீதியில் முடிவெழுத்தைப் பாருங்கள்: 'வை' என்று முடிந்தால் போ, 'கேதெ' என்று முடிந்தால் பொதுவாக ஈ. கொப்பன்ஹேகனில் 'போ நொரெப்ரோகேதெ' என்று கேட்டால் திகைக்க வேண்டாம். அந்தப் பகுதியே 'போ நொரெப்ரோ' என்றுதான் வழங்குகிறது.

உங்கள் வேலைக்கு நேரடியாக வேண்டியவை வேறு. வலி எப்போதும் ஈ: 'ஒன்ட் ஈ ருக்கன்', முதுகில் வலி. தோலில் தெரிவது போ: 'ஸோர் போ பேனெத்', காலில் புண். ஒருவர் போர்த்திப் படுத்திருந்தால் 'ஈ ஸெங்கன்'. கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தால் 'போ ஸெங்கன்'. குளியலறைக்குப் போ, குசினிக்கு ஈ. இந்த நான்கைந்தும் நாளுக்குப் பத்துத்தரம் உங்கள் கையால் எழுதப்படுகின்றன. அறுபது சொல் பட்டியலைவிட இவற்றை முதலில் சரிசெய்வதே லாபம்.

அஃப், அத் இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை. பேச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே 'அ'தான். எழுத்தில் பிறப்பிலேயே டேனிஷ் பேசுபவர்களும் தடுமாறுவார்கள், ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்றிலிருந்து வெளியே வந்தால் அஃப்: கட்டிலிலிருந்து விழுந்தார் என்பது 'ஊத் அஃப் ஸெங்கன்'. ஒரு பாதை வழியே போனால் அத்: படிவழியே கீழே விழுந்தார் என்பது 'நேத் அத் த்ராப்பன்'. கதவு, யன்னல், படி, றோட்டு எல்லாம் வழி, அத்தான்.

நீங்கள் யூலாந்தில் இருப்பதால் இன்னொன்று. அம்மா வீட்டில், டொக்டரிடம் என்பதற்கு உங்கள் சக ஊழியர்கள் 'வெத்' சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது அந்தப் பகுதிப் பேச்சு, கேலிக்குரியதல்ல. அவர்களோடு கதைக்கும்போது நீங்களும் சொல்லலாம். எழுத்துச் சோதனையில் மட்டும் ஆளிடம் இருப்பதற்கு 'ஹோஸ்': 'ஹோஸ் லேயென்'. ஆளிடம் போவதற்கு 'டில் லேயென்'. நிறையக் கேட்டால் தானாக வரும் என்ற உங்கள் ஆசிரியையின் ஆலோசனை இந்த இடத்தில் உங்களைக் கைவிடும். காதில் விழுவது வேறு, தாளில் எதிர்பார்ப்பது வேறு.

போதலுக்கும் இருத்தலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டில் தமிழ் உங்களுக்குத் துணை. வீட்டுக்கு என்றால் 'யெம்', வீட்டில் என்றால் 'யெமெ'. உள்ளே போக 'இன்', உள்ளே இருக்க 'இனெ'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் ஆங்கிலக்காரர் வருடக்கணக்கில் தடுக்கி விழும் இடம் இது. வீட்டுக்கு, வீட்டில் என்று பிரித்தே பேசிப் பழகிய நமக்கு இரண்டு நாள் பயிற்சி போதும்.

விடுபடுவதும் தேவையில்லாமல் வருவதும்

பிழையான உருபைப் போடுவதைவிட, உருபையே விட்டுவிடுவதுதான் தமிழர் எழுத்தில் கூடுதலாகக் கண்ணில் படும். கேள்வியில்தான் அது முதலில் விழும். 'எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?' என்பதில் நம் உருபு 'எது'வோடு ஒட்டி முன்னாலேயே வந்துவிடுகிறது. டேனிஷில் அது கடைசியில் போய் நிற்கும்: 'வத் வென்தர் டூ போ?' வசனம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பேனையை எடுத்தால் 'போ' போய்விடும். 'இது எனக்குத் தேவை' என்பதற்கும் 'டே ஹார் யை ப்ரூ ஃபோர்'; முற்றுப்புள்ளிக்கு முன் ஒரு ஃபோர். கேள்வி எழுதியவுடன் கடைசிச் சொல்லை ஒருதரம் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில், தேவையில்லாமல் போடுவது. ஒரு கோப்பை கோப்பி 'என் கொப் காஃபெ'தான், நடுவில் அஃப் இல்லை. ஒவ்வொரு நாளும், போன வருடம் என்பவற்றுக்கும் உருபு வேண்டாம். ஒருவரைப் போய்ச் சந்திக்கும் 'பெஸோயெ'க்கு உருபு இல்லை. தொலைபேசியில் அழைக்கும் 'ரிங்கெ'க்கு 'டில்' வேண்டும்.

கொப்பியை மாற்றும் விதம்

அறுபது சொல் பட்டியலைக் கிழிக்கச் சொல்லவில்லை, மூடி வையுங்கள். ஆசிரியை திருத்திக் கொடுத்த கடைசி ஐந்து கட்டுரைகளை எடுத்து, சிவப்புக் கோடு விழுந்த ஒவ்வொரு உருபையும் நேரம், இடம், வினையோடு வருவது, விடுபட்டது என்று நான்காகப் பிரித்து எண்ணுங்கள். நான்கும் சமமாக இராது. எது கூடுதலோ அதை மட்டும் மூன்று கிழமைக்குப் பிடியுங்கள்.

புதிய கொப்பியில் தனி உருபு எழுதக் கூடாது, ஆங்கிலமும் கூடாது. சோடியை எழுதி, கீழே உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு முழு டேனிஷ் வசனம், பக்கத்தில் தமிழ். 'வென்தெ போ' என்று எழுதினால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வசனம். 'க்லேதெ ஸை டில்' என்றால் தங்கச்சியின் கலியாணத்தை ஆவலோடு எதிர்பார்க்கும் வசனம். நாளுக்கு மூன்று போதும்; பத்து எழுதினால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். ஒரே சொல் பல உருபோடு வருபவற்றை ஒரே பக்கத்தில் சேருங்கள். 'ஏனி' நல்ல உதாரணம்: ஆளோடு உடன்பட்டால் 'மெத்', ஒரு கருத்தில் உடன்பட்டால் 'ஈ', பலர் கூடி ஒன்றுக்கு இணங்கினால் 'ஒம்'.

சந்தேகம் வந்தால் மொழிபெயர்ப்புச் செயலியிடம் கேட்காதீர்கள். அங்கேயும் ஆங்கிலம் நடுவில் வந்து உட்காரக்கூடும். 'டென் டான்ஸ்கெ ஓர்போ' என்ற டேனிஷ் அகராதி இணையத்தில் இலவசம். அதில் வினையைத் தேடினால், யார் எதை எந்த உருபோடு என்ற அச்சு பெரிய எழுத்தில் இருக்கும். கருத்தை வாசிக்காவிட்டாலும் அந்த ஒரு வரியைப் பாருங்கள்.

கிழமைக்கு இரண்டு தரம் இன்னொரு பயிற்சி: செய்தியிலிருந்து பத்து வரி எடுத்து உருபுகளை மையால் மறையுங்கள். அடுத்த நாள் நிரப்பி மூலத்தோடு ஒப்பிடுங்கள். அன்றே நிரப்பினால் நினைவிலிருந்து எழுதுவீர்கள். ஒரு இரவு இடைவெளி வேண்டும்.

சோதனை, செலவு, உங்கள் உரிமை

தள்ளிப்போடத் தேவையில்லை என்பது என் எண்ணம். எழுத்துத் தாளில் பிழையை எண்ணிப் புள்ளி கழிப்பதில்லை. முழுமையாகப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். கேட்டதற்கு விடை வந்ததா, வாசகர் தடுக்காமல் வாசிக்க முடிகிறதா என்பதே பெரிது. உருபு ஐந்தாறு இடத்தில் பிசகியதற்காகச் சித்தி, அதாவது 02 என்ற குறைந்தபட்சப் புள்ளி, கைநழுவுவது அரிது. டேனிஷ் வசனத்தில் வினை இரண்டாவதாக நிற்க வேண்டும்; அந்த இடத்தில் நிற்காத வசனங்கள் அதைவிடக் கூடுதல் கெடுதல் செய்யும். அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் உருபுக்கு வாருங்கள். கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கி, ஒவ்வொரு உருபையும் வட்டமிட்டு, இது யாருக்குச் சொந்தம் – நேரத்துக்கா, இடத்துக்கா, வினைக்கா – என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தத் தடவை சோதனைக்குப் போகாவிட்டாலும் உலகம் முடியாது. நிரந்தர வதிவிடத்துக்குக் கேட்கப்படும் மொழிச் சோதனை 2; அது உங்கள் கையில் இருக்கிறது. 3 வேண்டியிருப்பது பொதுவாகக் குடியுரிமைக்கு. வருடத்தில் இரண்டு தரம், மே–ஜூனிலும் நவம்பர்–டிசம்பரிலும் நடக்கிறது. மொழிப்பள்ளியில் படிக்காதவரும் கட்டணம் கட்டித் தனியாக எழுதலாம். பதிவு பல கிழமைக்கு முன்பே மூடப்படும் என்பதால் திகதியை இப்போதே பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனி ஆசிரியருக்குப் பணம் கொடுக்கும் முன் எஃப்-வி-யூ வகுப்பை விசாரியுங்கள். வளர்ந்தவர்களின் வாசிப்பு, எழுத்துக்கான அரச வகுப்பு அது, கட்டணமில்லை. வேலைத்தலத்திலேயே நடத்தவும் வசதியுண்டு, உங்கள் பொறுப்பாளரிடம் கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை. பிறகும் தனி ஆசிரியர் வேண்டுமென்றால், 'உருபு பாடம்' என்று வாங்காதீர்கள். நீங்கள் எழுதிய கட்டுரையைப் பக்கத்தில் இருந்து திருத்தித் தர இரண்டு மூன்று தடவை கேளுங்கள்.

கணவர் சொல்வதில் பாதி உண்மை. பேச்சில் போவுக்குப் பதில் ஈ வந்தால் கேட்பவர் கடந்து போய்விடுவார். மருந்துக் குறிப்பில் கடந்து போக முடியாது. நேரத்தை எழுதும் இடத்தில் ஐயம் வந்தால் அனுப்பும் முன் ஒருவரிடம் காட்டுங்கள். அதைக் கேட்பது உங்கள் வேலையின் பகுதி, குறை அல்ல.

ஸ்ரீலங்கா: நாடு என்ற கருத்தில் 'ஈ'. தீவு என்று நினைத்துப் போ எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், வாசித்தால் குழம்ப வேண்டாம். சோதனைத் தாளில் 'ஈ ஸ்ரீலங்கா' என்றே எழுதுங்கள். யாழ்ப்பாணத்துக்கும் ஈ, அது நகரம்.